கோவை மொட்டை மாடியில் பட்டாணி வருமா? எப்போ விதைக்கணும்?

வடவள்ளி அம்மிணி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்கு கோயமுத்தூர் வடவள்ளி. மொட்டை மாடியில கத்தரி, வெண்டை, தக்காளி, கீரைன்னு வருசம் பூரா ஏதாவது ஓடிட்டே இருக்குது. இந்தத் தடவை பட்டாணி போடலாம்னு ஒரு ஆசைங்க. சின்னவனுக்கு ஆறு வயசு. காய் வாங்கிட்டு வந்து உரிக்க உட்கார்ந்தா குருமாவுக்குப் பாதிதான் மிஞ்சும், மீதி அவன் வாய்க்குள்ள போயிரும். செடியிலிருந்தே பறிச்சுத் தின்னட்டுமேன்னு பார்க்கறேன்.

எங்க அத்தை, "அது மலைப் பயிரு கண்ணு, இங்க கொடி வரும், காய் வராது"ங்கறாங்க. கீழ் வீட்டு அண்ணன் போன வருசம் பொங்கல் முடிஞ்சு விதைச்சாராம். பூ வரைக்கும் வந்துச்சு, மாசி வெயில்ல அத்தனையும் உதிர்ந்து செடியே காஞ்சு போச்சுன்னார். யூடியூப்ல பார்த்தா எல்லாரும் கூடை கூடையா பறிக்கறாங்க, எந்த ஊர்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க.

மாடியில கிழக்கே திறந்த வெளி. மேற்கே தண்ணித் தொட்டி இருக்கறதால மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அதோட நிழல் விழும். 15 இஞ்ச் பை நாலு காலியா இருக்குது. மளிகைக் கடையில விக்கற காஞ்ச பச்சைப் பட்டாணியையே ஊற வெச்சுப் போடலாமுங்களா, விதைன்னு தனியா வாங்கணுமா? எந்த மாசம் போடணும்? என்ன உரம்? நாலு பேருக்கு ஒரு வேளை குருமா வைக்க எத்தனை செடி வேணும்?

தாம்பரம் மாடி:

சென்னையில் மார்கழியில் கூட ராத்திரி 20, 21 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. நான் காய்க்காகப் பட்டாணி போடுவதில்லை. தட்டில் நெருக்கமாகத் தூவி, சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிக் கீரையாகச் சமைத்துவிடுவேன். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் பட்டாணி வாசனையோடு இருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் வேலை முடிந்துவிடும். காய் வேண்டும் என்றால் மலைக்காரர்களைக் கேளுங்கள், இங்கே ஒருவர் இருக்கிறார்.

கோத்தகிரி தோட்டம்:

கூப்பிட்டாச்சு, வந்துட்டேன்.

அம்மிணி, உங்க அத்தை சொன்னது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியிலதான் உங்களுக்கு இடம் இருக்கு. நான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட்டும் உருளையும் ஏத்தினவன். இப்போ வீட்டுக்குப் பின்னாடி சில சென்ட்தான், அதுல வருசத்துக்கு ரெண்டு தடவை பட்டாணி. எங்க மலையில மாசி, பங்குனியில ஒரு போகம், ஐப்பசி, கார்த்திகையில இன்னொரு போகம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். நீங்க இருக்கறது 400 மீட்டர் சொச்சம். இந்த வித்தியாசத்தை எந்த உரத்தாலயும் சரிக்கட்ட முடியாது, தேதியாலதான் முடியும். அதனால முதல்ல தேதி.

வெயிலுக்கு முதல்ல சாகறது பட்டாணிச் செடி இல்லை, பூதான். 10லிருந்து 18 டிகிரிக்குள்ள சுகமா வளரும். 25 வரைக்கும் குறை சொல்லாது. பகல் 30ஐத் தாண்டி, ராத்திரியும் சூடு இறங்கலைன்னா பூ உதிரும். தப்பிச்ச பூ காயானாலும் உள்ள ரெண்டு மணி, மூணு மணிதான், அதுவும் மாவா இருக்கும். கீழ் வீட்டுக்காரர் தையில விதைச்சதா சொல்றீங்க. தை விதைப்பு பூக்கறது மாசிக் கடைசியில. அப்போ கோயமுத்தூர்ல பகல் 33, 34 ஓடும். செடி மேல பழி போட ஒண்ணுமில்லை.

உங்க ஊர்ல ராத்திரி 18, 19க்கு இறங்கறது டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும். பூவும் பிஞ்சும் அந்த ஆறு வாரத்துக்குள்ள வந்தாகணும். ஆர்க்கல்னு ஒரு குட்டை ரகம், விதைச்சு அஞ்சு, ஆறு வாரத்துல பூக்கும், 55, 60 நாள்ல முதல் பறிப்பு. பின்னால எண்ணிக்கிட்டு வாங்க, நவம்பர் முதல் பத்து நாள்ல விதை மண்ணுக்குள்ள போகணும். பொங்கலுக்குக் காய் கைக்கு வந்துரும். தீபாவளி எந்தத் தேதியில வந்தாலும் இந்தக் கணக்கை மாத்தாதீங்க. அக்டோபர்ல போட்டா வடகிழக்கு மழையில விதை அழுகும், டிசம்பர்ல போட்டா கடைசிக் காய் வெயில்ல மாட்டும்.

இப்போ விதை. மளிகைக் கடைப் பட்டாணி முளைக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனா அது காய வெச்சு சுண்டலுக்கும் மாவுக்கும் விக்கற சரக்கு. ஒரு பங்கு கப்பல்ல வந்தது. என்ன ரகம், எத்தனை நாள் பயிர், எந்தக் குளிருக்குப் பழகினதுன்னு கடைக்காரருக்கே தெரியாது. உங்களுக்கு இருக்கறதோ ஆறு வாரம். அதுல ரகம் தெரியாத விதையைப் போட்டு, கொடி தோளுக்கு வந்த பிறகு பூ எப்போன்னு காத்துக்கிட்டு இருக்க முடியுமா? சில கடையில பச்சைச் சாயம் ஏத்தினதும் வரும், ஊற வெச்ச தண்ணி பச்சையா மாறினா அதை சுண்டலுக்கும் எடுக்காதீங்க. ஃப்ரீஸர்ல விக்கற பட்டாணி முளைக்கவே முளைக்காது, கொதிதண்ணியில முக்கி எடுத்து உறைய வெச்சது அது.

விதைன்னு வாங்கும்போது கையில கொட்டிப் பாருங்க. வழுவழுன்னு உருண்டையா இருந்தா மாவு ரகம். சுருங்கி, கோணல்மாணலா, பல்லு போன கிழவி கன்னம் மாதிரி இருந்தா அதுதான் இனிப்பு. பிஞ்சுல சர்க்கரையும் தண்ணியும் அதிகம், மாவு குறைச்சல், அதனாலதான் காயும்போது ஒடுங்கிப் போகுது. ஆர்க்கல் அப்படித்தான் இருக்கும். எங்க பக்கம் போனவில்லே ரகமும் போடுவோம், அதுவும் சுருங்கின மணிதான், ஆனா ஆர்க்கலைவிட மூணு, நாலு வாரம் கூட எடுக்கும், உங்களுக்கு வேண்டாம். விதை மேல சிவப்பாவோ ரோஸாவோ பூச்சு இருந்தா அது பூசண மருந்து. சின்னவன் கையில கொடுக்காதீங்க.

உரம், தாங்கு குச்சி எல்லாம் சாயங்காலம் எழுதறேன். குரங்கு வந்திருச்சு.

ஓசூர் வெள்ளரி:

ஐயா சொன்ன தேதிக் கணக்கு கோவைக்குச் சரி. ஓசூரில் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் தாராளம், அக்டோபர் கடைசியில் இருந்து நவம்பர் முழுவதும் விதைக்கிறோம். ஆனால் ரகத்தில் எனக்கு வேறு கருத்து.

பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெயில் தாங்கும் பட்டாணி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அர்கா உத்தம், அர்கா சைத்ரா, அர்கா தபஸ். 35 டிகிரி வரை காய் பிடிக்கும் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். கோவைக்காரர்கள் ஏன் ஆர்க்கலைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? அதே நிலையத்தின் பழைய ரகம் அர்கா அஜித், அது சாம்பல் நோயையும் துரு நோயையும் தாங்கும். எனக்கு வெயிலைவிடச் சாம்பல் நோய்தான் எதிரி. பகலில் காய்ந்த காற்று, ராத்திரி குளிர், விடியற்காலை பனி, இந்த மூன்றும் சேர்ந்தால் இலை மேல் விபூதி பூசினாற்போல் வந்துவிடும். ஒரே வாரத்தில் காய் வரைக்கும் ஏறும்.

கோத்தகிரி தோட்டம்:

ஓசூர் தம்பி சொன்னதை மறுக்கலை. அந்த ரகம் கிடைச்சா தாராளமா போடுங்க. கிடைக்கணுமே! கோயமுத்தூர் விதைக் கடையில போய் பட்டாணி விதைன்னு கேட்டா ஆர்க்கல்தான் எடுத்துத் தருவான், அதனால அதைச் சொன்னேன். ரெண்டு பையில ஆர்க்கல், ரெண்டு பையில தம்பி சொன்ன ரகம்னு பிரிச்சுப் போட்டுப் பாருங்க. ஆனா வெயில் தாங்கும்னு சொன்னாங்கன்னு பங்குனியில விதைக்கப் போயிறாதீங்க. ஹெசரகட்டா ராத்திரி வேற, கோயமுத்தூர் காங்கிரீட் மாடி ராத்திரி வேற.

அந்த காங்கிரீட்டுக்குத்தான் வர்றேன். பகல் பூரா குடிச்ச சூட்டை அது ராத்திரி விடும். பையை நேராத் தரையில வைக்காம, ரெண்டு வரிசை செங்கல்லோ பலகையோ போட்டு அது மேல வைங்க. காத்து அடியில ஓடணும். பட்டாணி வேர் சூட்டை விரும்பாது. மேல் மண்ணை ரெண்டு விரல்கட்டைக்குக் காஞ்ச இலையால மூடுங்க. காலை வெயில் அஞ்சு, ஆறு மணி நேரம் இருந்தாப் போதும், தண்ணித் தொட்டி நிழல் மத்தியானம் விழுதுன்னீங்களே, அந்த இடம்தான் பட்டாணிக்கு. கத்தரியை வேற பக்கம் தள்ளுங்க.

15 இஞ்ச் பையில ஓரத்தைச் சுத்தி நாலு விரல் இடைவெளி விட்டு பன்னெண்டு விதை. ஒரு இஞ்ச்சுக்குக் கொஞ்சம் கூட ஆழம். பட்டாணியை நாத்து விட்டுப் பிடுங்கி நடக் கூடாது, நேரா அந்தந்தப் பையிலயே போடணும். ராத்திரி பூரா தண்ணியில ஊற வைக்காதீங்க. இனிப்பு ரக விதை தண்ணியை அதிகம் குடிச்சுத் தோல் வெடிச்சுரும், அப்புறம் ஈர மண்ணுல அழுகும். ஈரத் துணியில சுத்தி வெச்சாப் போதும். விதைச்ச அன்னிக்கு ஒரு தண்ணி, முளை தெரியற வரைக்கும் மண் ஈரமா இருந்தாச் சரி, சொதசொதன்னு இருக்கக் கூடாது. நவம்பர் மழை ஊத்துச்சுன்னா பையை இழுத்து சன்ஷேடு அடியில வைங்க. முளை வந்ததும் புறாவும் அணிலும் வரும். பழைய கொசுவலையை மேல போர்த்தி விடுங்க, செடி ஒரு சாண் ஆனதும் எடுத்துரலாம். எங்களுக்கு குரங்கு, முள்ளம்பன்றி, காட்டெருமை. கொசுவலை போட்டா காட்டெருமை அதையும் சேர்த்துக் கொண்டு போகும்.

உரத்துல கை வைக்காதீங்கங்கறதுதான் என் பதில். அவரை, தட்டைப்பயறு மாதிரி இதுவும் வேர் முடிச்சுல காத்துத் தழைச்சத்தைப் பிடிச்சு வெச்சுக்கற சாதி. யூரியா, கடலைப் புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் எல்லாம் ஊத்தினா தளதளன்னு இலை வரும், காய் தள்ளிப் போகும். உங்களுக்கு நாள் தள்ளிப் போனாலே நஷ்டம். நல்லா மக்கின தொழு உரம் மூணுல ஒரு பங்கு, பைக்கு ரெண்டு கைப்பிடி மரச் சாம்பல், அவ்வளவுதான். எங்க மலை மண் புளிப்பு மண், அதனால நாங்க சுண்ணாம்பு தூவுவோம். உங்க கோயமுத்தூர் தண்ணியிலயும் மண்ணுலயுமே சுண்ணாம்பு கிடக்கு, சேர்க்காதீங்க. போர் தண்ணியைவிட சிறுவாணித் தண்ணி இருந்தா அதை ஊத்துங்க.

ஒண்ணு மட்டும் வாங்குங்க, ரைசோபியம். வேர்ல அந்த முடிச்சைக் கட்டற பாக்டீரியா அது. புது மாடித்தோட்ட மண்ணுல, அதுவும் தென்னை நார்க் கழிவுக் கலவையில அந்த பாக்டீரியா இருக்காது. வாங்கும்போது பட்டாணிக்குன்னு கேட்டு வாங்கணும். நிலக்கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் கொடுக்கறது வேற இனம், அது பட்டாணி வேர்ல சரியா முடிச்சு கட்டாது. ஆறின அரிசிக் கஞ்சியில குழைச்சு, விதையைப் புரட்டி, நிழல்ல அரை மணி காய வெச்சு அன்னிக்கே விதைங்க. மருந்து பூச்சு போட்ட விதையா இருந்தா விதையில தடவாம, தொழு உரத்துல கலந்து மண்ணுல போடுங்க, இல்லேன்னா பூச்சு அதைக் கொன்னுரும். வேலை நடக்குதான்னு பார்க்க, பூக்கற சமயத்துல ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால கிள்ளுங்க. உள்ள இளஞ்சிவப்பா இருந்தா உழைக்குதுன்னு அர்த்தம்.

வடவள்ளி அம்மிணி:

ஐயா, இவ்வளவு விவரமா எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "முக்கால்வாசி சரின்னு சொல்லிட்டாரல்ல" அப்படீன்னு அவங்களுக்கு ஒரே சந்தோசம். குருமா கணக்கு விட்டுப் போச்சுங்களே? அப்புறம் குட்டை ரகம்னா பந்தல் வேண்டாமுங்களா? ஓசூர் அண்ணா, சாம்பல் வந்தா என்ன தெளிக்கறதுங்க? பையன் பறிச்சு அப்படியே திங்கப் போறான், அதான் பயம்.

ஓசூர் வெள்ளரி:

வந்த பிறகு ஓடுவதைவிட, இடைவெளி விட்டு, இலை மேல் படாமல் வேருக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுவது முதல் வேலை. புள்ளி புள்ளியாகத் தெரியும்போதே அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். புளித்த மோரை ஒன்றுக்குப் பத்து தண்ணீரில் கலந்து தெளித்தால் ஆரம்பக் கட்டத்தில் கொஞ்சம் கட்டுப்படும், முற்றினால் கேட்காது. தோட்டத்தில் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அடிப்போம். பையன் செடியிலேயே பறித்துத் தின்பான் என்றால் நான் அதைத் தொட மாட்டேன். காய் பாதி பறித்த பிறகு சாம்பல் வந்தால் மிச்சத்தைப் பறித்துவிட்டு செடியை எடுத்துவிடுங்கள், அதனோடு சண்டை வேண்டாம்.

இலையில் வெள்ளையாகக் கோடு கிறுக்கியதுபோல் இருந்தால் அது சாம்பல் இல்லை, இலை துளைப்பான். அந்த இலையைக் கிள்ளிக் கசக்கிப் போடுங்கள்.

கோத்தகிரி தோட்டம்:

குருமா கணக்கு. நாலு பேருக்கு உரிச்ச மணி கால் கிலோ வேணும். காயில பாதிக்குப் பாதி தோலு போயிரும், அதனால காய் அரை கிலோவுக்கு மேல. ஒரு காய் அஞ்சு, ஆறு கிராம்னா நூறு காய் ஆச்சு. மலையில ஒரு செடி பத்து, பன்னெண்டு காய் கொடுக்கும். உங்க ஊர்ல அஞ்சு, ஆறு எதிர்பாருங்க. நாலு பையில நாற்பத்தெட்டு செடி, அதுல நாற்பது நின்னா மொத்தம் ரெண்டு குருமா. சின்னவன் பங்கைக் கழிச்சா ஒண்ணு. எல்லாம் ஒரே நாள்ல முத்தாது, அடியில இருந்து மேலே ரெண்டு, மூணு பறிப்பா வரும்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். உங்க செடி காய்க்கற அதே மார்கழி, தையிலதான் வடக்கே இருந்து லாரி லாரியா பட்டாணி இறங்கி, உழவர் சந்தை ஓரத்துல விலை சரிஞ்சு கிடக்கும். காசுக் கணக்குப் போட்டா இந்த வேலையே வேண்டாம். ஆனா அந்தக் காய் பறிச்சு ரெண்டு, மூணு நாள் ஆனது. பட்டாணியில இருக்கற சர்க்கரை, பறிச்ச நிமிசத்துல இருந்து மாவா மாற ஆரம்பிக்குது, வெயில்ல மூட்டையில இருந்தா இன்னும் வேகமா. காலையில பனி காயறதுக்கு முன்ன பறிச்சு அப்பவே வாயில போட்டுப் பார்த்தவனுக்குக் கடைப் பட்டாணி சுண்டல் மாதிரி இருக்கும். உங்க பையன் அதுக்கப்புறம் கடைக் காயை உரிச்சுத் தருவானே தவிர திங்க மாட்டான், அது உங்களுக்கு லாபம்தான்.

பந்தல் வேண்டாம். ஆர்க்கல் முழங்காலுக்கு மேல போகாது, ஆனா தாங்கல் இல்லேன்னா சாஞ்சு மண்ணுல படுத்துக்கும், படுத்த காய் அழுகும். கொடி சுத்திப் பிடிக்கற பற்றுக்கம்பி மெல்லிசா இருக்கும், தடி மூங்கிலைப் பிடிக்காது. கிளை கிளையா இருக்கற மெல்லிய குச்சி வேணும். நாங்க கவாத்து பண்ணின தேயிலைக் குச்சியைச் சொருகுவோம். உங்க பக்கம் துவரமார், அதான் காஞ்ச துவரைச் செடிக் குச்சி, கிடைக்குமே, ரெண்டடிக்கு ஒடிச்சு முளை வந்த உடனே பையில சொருகுங்க, செடி வளர்ந்த பிறகு சொருகினா வேர் அறுபடும்.

பறிக்கும்போது ஒரு கையில கொடியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கிள்ளணும். இழுத்தா கொடியே வந்துரும், சின்னவனுக்கு முதல்லயே சொல்லி வைங்க. தோல் பளபளன்னு பச்சையா, உள்ள மணி தட்டுப்படற அளவுக்கு உருண்டா பறிச்சிரணும். தோல் மங்கி வலை வலையா தெரிஞ்சா முத்திப்போச்சு. முத்தின காயைச் செடியில விட்டா செடி வேலை முடிஞ்சதுன்னு பூவை நிறுத்திரும்.

தாம்பரம் மாடி:

நல்லா காய்த்த இரண்டு செடியை மட்டும் பறிக்காமல் விட்டு, காய் செடியிலேயே காய்ந்த பிறகு விதைக்கு எடுத்து வைக்கலாமே? பட்டாணிப் பூ விரியும் முன்பே உள்ளுக்குள் தன் மகரந்தத்தாலேயே சூல் பிடித்துவிடும். பக்கத்துப் பையில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பது அபூர்வம். கிரெகோர் மெண்டல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஐயா சொன்ன உருண்டை மணி, சுருங்கின மணி இரண்டையும் ஒட்டுச் சேர்த்து எண்ணி, 1866இல் கட்டுரையாக வெளியிட்டார்.

கோத்தகிரி தோட்டம்:

எடுக்கலாம். நல்லா காய வெச்சு, சாம்பல் கலந்து, மூடி இறுக்கமான டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க, வெளியில வெச்சா வண்டு துளைச்சுரும். சாம்பல் நோய் வந்த செடியில எடுக்காதீங்க.

காய் முடிஞ்ச செடியை வேரோட பிடுங்காம அடியில அறுத்துட்டு, அதே பையில தக்காளியோ கீரையோ வைங்க. பட்டாணிக்குப் பின்னால கீரை போட்டா அதிகமா உரம் கேட்காது. அப்புறம் அத்தைகிட்ட ஒண்ணு சொல்லுங்க, உரிச்சுத் திங்கற காய் கோயமுத்தூர் வெயிலுக்கே தோதா வேணும்னா மொச்சை இருக்கு. நாட்டு மொச்சைக்குக் குளிர் கணக்கில்லை, பகல் சுருங்கினாப் பூக்கும். ஆடியில போட்டா மார்கழி, தையில காய். இந்த வருசத்துக்கு அது நேரம் தாண்டிப் போச்சு.

வடவள்ளி அம்மிணி:

அத்தைக்கு மொச்சை விசயம் முன்னாடியே தெரியுமாம், "என்னைக் கேட்டியா நீ"ங்கறாங்க! நவம்பர் 5ஆம் தேதின்னு காலண்டர்ல வட்டம் போட்டாச்சுங்க. துவரமாருக்குத் தொண்டாமுத்தூர்ல சொல்லி வெச்சிருக்கேன். ஓசூர் அண்ணா, அர்கா விதை உங்க பக்கம் கிடைச்சா நூறு விதை தபால்ல அனுப்ப முடியுமுங்களா? செலவு நான் கொடுத்தர்றேன்.

ஓசூர் வெள்ளரி:

அடுத்த வாரம் பெங்களூரு போகிறேன், ஹெசரகட்டாவில் விதை விற்பனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். தனிச் செய்தியில் முகவரி போடுங்கள், இங்கே பொதுவில் வேண்டாம்.